கேஸ் மாத்திரையில் போகாத டென்ஷன்

சாயங்காலம் ஏழு மணிக்கு ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "அண்ணே, கேஸுக்கு ஒண்ணு குடுங்க." "தலைவலிக்கு ஸ்ட்ராங்கா ஏதாச்சும்." "கழுத்து பிடிச்சுக்கிச்சு, தடவுற மருந்து இருக்கா?" பாதிப் பேர் அப்போதுதான் வேலை முடிந்து வந்தவர்கள். டென்ஷனுக்கு மருந்து கொடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. டென்ஷன் மனதில் இருக்கிறது, வலி உடம்பில் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு. முதல் தவறே இதுதான்.

ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் 1936-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். எலிகளைக் கடுங்குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும் விளைவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது: சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வீங்கியது, வயிற்றில் புண் வந்தது. தொல்லை எதுவானாலும் உடம்பு காட்டும் எதிர்வினை ஏறக்குறைய ஒன்றுதான் என்றார் அவர். நம் விஷயத்திலும் அப்படித்தான். கடன் தவணையோ, மேனேஜரின் போனோ, வராத ஸ்கூல் வேனோ, அந்தச் சுரப்பி விடும் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் ஏறத்தான் செய்யும். இதயம் வேகமாகத் துடிக்கும், தசை இறுகும், செரிமானம் தடுமாறும். ஒரு தடவை நடந்தால் தப்பில்லை. தினமும் நடந்தால்தான் தொல்லை.

இதைப் படிக்கும்போதே ஒன்று கவனியுங்கள். உங்கள் மேல்பல்லும் கீழ்பல்லும் ஒட்டியிருக்கின்றனவா? சும்மா இருக்கும்போது உதடுதான் மூடியிருக்க வேண்டும், பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி இருக்க வேண்டும். நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பவர்களுக்குச் சாயங்காலம் நெற்றிப்பொட்டு வலிக்கும், தாடை கடுக்கும். தோள்பட்டை காதை நோக்கி ஏறியிருப்பதும் இதே கணக்கு.

முடி கொட்டுவது இன்னும் வேடிக்கை. பெரிய மன உளைச்சல் வந்தால் முடி உடனே கொட்டாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சீப்பில் கொத்தாக வரும். அதற்குள் பிரச்சினையே மறந்துபோயிருக்கும். பழி போர் தண்ணீர் மேலோ புது ஷாம்பு மேலோ விழும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, அது இன்னும் ஆபத்தானது. எல்லாவற்றையும் 'டென்ஷன்தான்' என்று தள்ளிவிடுவது. படபடப்புக்குத் தைராய்டு காரணமாக இருக்கலாம். எப்போதும் களைப்பு என்றால் ரத்தசோகையோ சர்க்கரையோ இருக்கலாம். வீட்டுப் பெண்கள் சொன்னால் "நீ ரொம்ப யோசிக்கிறே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயத்துக்கு வருஷக்கணக்கில் இந்த அட்வைஸ் போதுமா? நெஞ்சில் அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் கேஸும் இல்லை, டென்ஷனும் இல்லை என்று வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

பி.பி. பார்ப்பதிலும் கவனம் வேண்டும். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடோ, காபி குடித்த கையோடோ பார்த்தால் எண் ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

அப்புறம், டென்ஷனைக் குறைக்கிறோம் என்று நினைத்து ஏற்றிக்கொள்ளும் சமாச்சாரங்கள். ஆறு மணிக் காபியில் இருக்கும் காஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு பதினொரு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். சிகரெட் பிடித்ததும் வரும் நிம்மதியில் பெரும்பகுதி, முந்தின சிகரெட்டின் நிகோடின் இறங்கியதால் வந்த தவிப்பு அடங்குவதுதான். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், ஆனால் பின்னிரவில் கலைந்துவிடும். மாதத்தில் பாதி நாள் தலைவலி மாத்திரை போடுகிறவர்களுக்கு, சில மாதத்தில் அந்த மாத்திரையாலேயே தலைவலி வரத் தொடங்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை வாங்கிப் போடுவது எல்லாவற்றையும்விட மோசம். பழகிவிட்டால் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து.

இரவில் போன் பார்ப்பதைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அடுப்படி வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கி, பதினொரு மணிக்கு மேல்தான் "இது என் நேரம்" என்று ஒன்று கிடைக்கிறது. அதையும் பிடுங்கினால் எப்படி? போனை ஒளித்து வைப்பதால் தீராது. பகலில் ஒரு இடைவெளி இருந்தால் இரவில் அதற்குத் தவிக்க வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிஷம் யாரும் கூப்பிடாத நேரம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

"லீவு வரட்டும், ஊட்டி போய் ரிலாக்ஸ் பண்ணிக்கலாம்" என்று தள்ளிப்போடுவதும் சரிவராது. இ-பாஸ் எடுத்து, மலைப்பாதை நெரிசலில் நின்று திரும்பினால் திங்கட்கிழமை அதே மேஜைதான். தினம் ஏறுவதைத் தினம்தான் இறக்க வேண்டும். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு நிதானமாகும். ஐந்து நிமிஷம் போதும், பஸ்ஸில் உட்கார்ந்தே செய்யலாம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது சுறுசுறுப்பாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் ஐந்து நாள், ஒரு நாளைக்கு அரை மணி நேரம். அதையும் ஸ்டெப்ஸ் கணக்கு, போட்டி என்று இன்னொரு டென்ஷனாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

பக்கத்தில் இருப்பவர்கள் செய்யும் தவறு, "விடு, அதையே நினைக்காதே" என்பது. நினைக்காதே என்றால்தான் நினைப்பு வரும். "டியூஷனுக்கு நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன், நீ படு" என்று ஒரு வேலையை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை என்றால் டாக்டரைப் பாருங்கள். 'டெலி மானஸ்' என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் இலவசமாக, எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் அந்த இரண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றைக்கே கூப்பிடுங்கள்.