முதல் எரரை மட்டும் படிங்க

பாலிடெக்னிக் சி லேபில் பதினோரு வருஷமா நிற்கிறேன். "மேடம், இருபது எரர் வருது" என்று யாராவது கை தூக்கினால், திரையை மேலே தள்ளி முதல் எரரை மட்டும் படிப்பேன். அதைச் சரிசெய்து மறுபடி கம்பைல் பண்ணினால் மிச்சத்தில் பாதி தானாகவே போய்விடும்.

போன வாரம் ஒரு பொண்ணு ‘இன்ட் ஏ, பி’ என்று எழுதிவிட்டு செமிகோலனை விட்டிருந்தாள். அடுத்த வரி ‘இன்ட் டோட்டல்;’. ஜிசிசி (நாம் எழுதும் சி புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர்) குறை சொன்னது இந்த இரண்டாவது வரியை. அதில் ஒரு தப்பும் இல்லை. ‘பி’க்குப் பின்னால் கமாவோ செமிகோலனோ வரும் என்று தேடிக்கொண்டே போன கம்பைலர், அடுத்த ‘இன்ட்’டில் முட்டித்தான் நின்றது. முட்டிய கையோடு அந்த வரியைத் தாண்டிவிட்டதால், கீழே டோட்டல் வந்த இடத்தில் ‘அன்டிக்ளேர்ட்’, அதாவது அறிவிக்காத பெயர் என்ற எரர். பாவம், கால் மணி நேரமா டோட்டலையே திருத்திக்கொண்டிருந்தாள். எரர் காட்டும் வரி சரியாக இருந்தால், மேல் வரியின் கடைசி எழுத்தைப் பாருங்க.

மேல் வரியும் சரி, ஆனாலும் ‘அன்டிக்ளேர்ட்’ என்றால்? பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பாருங்க. சி மொழிக்கு இரண்டும் வேறு வேறு பெயர். அடுத்து, ஃபார் லூப்பின் அடைப்புக்குள்ளேயே அறிவித்த ‘ஐ’யை லூப்புக்கு வெளியே பிரின்ட் பண்ணுகிறீர்களா? லூப் முடிந்ததும் அந்த ‘ஐ’ கிடையாது. இன்னொன்று, ஒரு பெயரைப் பற்றி ஜிசிசி ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே தடவைதான் புகார் சொல்லும். பெயரை அந்த ஒரு இடத்தில் மட்டும் மாற்றிவிட்டு, ‘மறுபடியும் வருதே’ என்று என்னைக் கூப்பிடாதீங்க.

டர்போ சி என்ற பழைய கம்பைலர் வைத்திருக்கும் லேப்களில் வேறு கதை. முதல் வரியில் கிளியர் ஸ்கிரீன் (திரையைத் துடைக்கும் கட்டளை), அதற்குக் கீழே ‘இன்ட் ஏ;’ என்று எழுதினால் அது ஏற்காது. பழைய சி89 (1989-ஆம் ஆண்டின் சி தரம்) விதிப்படி, பிளாக்கின் (நெளி அடைப்புக்குள் இருக்கும் பகுதி) தலையில் அறிவிப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் மற்ற வேலை. கிளியர் ஸ்கிரீனை ஒரு வரி கீழே இறக்கினால் போதும். இதே புரோகிராமை சிபிபி என்ற பின்னொட்டோடு சேமித்தால் ஓடிவிடும், ஏனென்றால் அப்போது அது சி பிளஸ் பிளஸ். "நேத்து ஓடிச்சு மேடம்" என்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

ஜிசிசியிலும் 5-ஆம் பதிப்புக்கு (2015) முந்தியது என்றால், ஃபார் அடைப்புக்குள் ‘இன்ட் ஐ’ போட்டதும் சி99 (1999-ஆம் ஆண்டின் சி தரம்) கேட்கும். கம்பைல் செய்யும்போது சி99 தரத்தைக் குறிப்பிடுங்க, இல்லை ‘ஐ’யை மேலே கொண்டுபோங்க.

‘மல்டிபிள் டெஃபினிஷன்’ (ஒரே பெயருக்கு ஒன்றுக்கு மேல் வரையறை) வந்தால் அது லிங்கரின் குரல்; கம்பைல் ஆன ஃபைல்களை ஒன்றாக இணைப்பது அதுதான். ஹெடரில் (பல ஃபைல்களில் சேர்க்கும் பொது ஃபைல்) ‘இன்ட் கவுன்ட்;’ எழுதி இரண்டு ஃபைலில் சேர்த்திருப்பீர்கள். ஜிசிசி 10 வருவதற்கு முன்னால் இது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் பழைய புராஜெக்ட் வாங்கி வரும் சீனியர் பிள்ளைகள்தான் அதிகம் மாட்டுவார்கள். ஹெடரில் முன்னால் ‘எக்ஸ்டர்ன்’ (இதன் வரையறை வேறு இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் சொல்) சேருங்க; எக்ஸ்டர்ன் இல்லாத ‘இன்ட் கவுன்ட்;’ ஏதாவது ஒரே ஒரு சி ஃபைலில் மட்டும் இருக்கட்டும்.