கை, கால், வாய் நோய்: கொப்புளத்தைவிட வாய்ப்புண்ணைக் கவனியுங்கள்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதிகம் வரும் இந்தத் தொற்று, முதல் ஓரிரு நாள் வெறும் காய்ச்சலாகத்தான் தெரியும். பிறகு நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் புண்கள். உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டத்தில் சிவந்த புள்ளிகள், சிறு கொப்புளங்கள். சின்னம்மையோ என்று பலரும் பதறுவார்கள். அது பெரும்பாலும் நெஞ்சு, முதுகு, முகத்தில் தொடங்கிப் பரவும், நன்றாக அரிக்கும். இதில் அரிப்பு குறைவு.

காரணம் காக்சாக்கி போன்ற என்டெரோவைரஸ்கள். ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பொதுவாக 7 முதல் 10 நாளில் தானே ஆறிவிடும். கொப்புளங்களைக் கிள்ளாமல் விட்டால் போதும். சிக்கல் வாயில்தான். விழுங்கினால் வலிப்பதால் குழந்தை தண்ணீர்கூடக் குடிக்காது, உடலில் நீர் வற்றிவிடும்.

ஆகவே முதலில் வலியைக் குறையுங்கள். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. வரை. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி.: 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பானால் 6 மி.லி., 250 மி.கி. உள்ளதானால் 3 மி.லி. பாட்டிலைப் படிக்காமல் ‘போன தடவை கொடுத்த அளவு’ என்று ஊற்றும்போதுதான் மருந்து இரட்டிப்பாகிறது. வேளைக்கு வேளை 6 மணி நேர இடைவெளி. ஆஸ்பிரின் கூடவே கூடாது.

அரை மணி கழித்து வலி தணிந்ததும் குளிர்ந்த நீர், பால், ஓ.ஆர்.எஸ். கரைசல் என எது இறங்குகிறதோ அதை 5 மி.லி. வீதம் ஓரிரு நிமிடத்துக்கு ஒரு முறை கொடுங்கள். கரண்டியைத் தட்டிவிட்டால் ஊசியில்லாத சிரிஞ்சில் கன்னத்தோரமாக விடலாம். புளிப்பு, காரம், சூடு எரியும். சாப்பாடு இரண்டு நாள் குறைந்தாலும் சமாளிக்கலாம், நீர் குறையக் கூடாது.

8 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், காய்ச்சல் 3 நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கத்தில் அடிக்கடி திடுக்கிட்டுத் தூக்கிப்போடுதல், தொடர் வாந்தி, தள்ளாட்டம், மந்தம், மூச்சிரைப்பு தெரிந்தால் உடனே மருத்துவமனைதான். 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே வீட்டு வைத்தியம் வேண்டாம்.

எச்சில், சளி, கொப்புள நீர், மலம் எல்லாவற்றிலும் வைரஸ் இருக்கும். மலத்தில் பல வாரம் வரும் என்பதால், குழந்தை தேறிய பிறகும் டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். ஆல்கஹால் சானிடைசர் இதற்கு அவ்வளவாக எடுபடாது. காய்ச்சல் விட்டு, எச்சில் ஒழுகுவது நின்று, கொப்புளங்கள் காய்ந்தபின் பள்ளிக்கு அனுப்பலாம். சில வாரம் கழித்து நகம் உரிந்தால் பயப்படாதீர்கள், அடியில் புது நகம் வளரும்.