புற்றணு சுரக்கும் நொதியை நானோ உணரியால் படம்பிடிக்கும் முறை

புற்றணுக்கள் தம்மைச் சூழ்ந்த கொலாஜன் என்னும் புரத வலையை அறுத்துக்கொண்டு பரவ உதவும் நொதிகளில் எம்எம்பி (மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ்) வகையைச் சேர்ந்த எம்எம்பி-2, எம்எம்பி-9 ஆகியவை முதன்மையானவை. இவ்விரண்டையும் சுரக்கும் எச்டி-1080 என்னும் மனிதப் புற்றுச் செல்களோடு பணியைத் தொடங்குவது நல்லது.

உணரியைச் செய்ய, சுமார் 20 நானோமீட்டர் தங்கத் துகளின் மேல், புரோலின், லூசின், கிளைசின், வாலின், ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத் தொடரைக் கொண்ட பெப்டைடை (குறும்புரதச் சங்கிலியை) அதன் ஒரு முனையிலுள்ள சிஸ்டீன் வழியாகப் பிணைக்க வேண்டும், மறுமுனையில் சை5.5 என்னும் ஒளிரும் சாயம் இருக்கும். தங்கத்தை ஒட்டியிருக்கும்வரை சாயத்தின் ஒளி அடங்கியிருக்கும். கிளைசினுக்கும் வாலினுக்கும் இடையே நொதி வெட்டியதும் சாயம் விலகி, 695 நானோமீட்டர் அருகே ஒளிரும். துகள்கள் உப்புக் கரைசலில் திரளாதிருக்க பாலிஎத்திலீன் கிளைக்காலையும் சேர்த்துப் பூசிவிட்டு, துகள்கள் அடியில் படிந்தபின் மேலே நிற்கும் நீரில் ஒளிர்வு அறவே இல்லாமல் போகும்வரை சுழற்றிக் கழுவுங்கள். இந்தக் கழுவலில் அவசரம் கூடாது. ஒட்டாமல் மிஞ்சிய சாயம் பின்னர் நொதியின் ஒளியாகவே தோன்றும்.

படமெடுக்குமுன் சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) கலந்த செல் வளர்ப்பு ஊடகத்தை நீக்கிவிட வேண்டும். சீரத்திலுள்ள ஆல்ஃபா-2-மேக்ரோகுளோபுலின் என்னும் புரதம் இந்நொதிகளைச் சிறைப்பிடித்துவிடும். ஃபீனால் ரெட் என்னும் நிறங்காட்டி இல்லாத, கால்சியம் உள்ள ஊடகத்தில், 37 டிகிரி வெப்பத்தில், சீரான இடைவெளியில் படமெடுங்கள்.

ஒளி தெரிந்தவுடன் சுரப்பு உறுதியானது என்று கொள்ள இயலாது என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். செல்லுக்குள் புகுந்த துகளிலிருந்து, செல்லுக்குள் இயல்பாகவே இருக்கும் குளூட்டாதயோன் என்னும் மூலக்கூறு பெப்டைடைப் பெயர்த்துவிட்டாலும் இதே ஒளி வரும். ஆகவே எம்எம்பி நொதிகளை முடக்கும் ஜிஎம்6001 என்னும் தடுப்பான் சேர்த்த கிண்ணம் ஒன்றையும், நொதியால் வெட்ட இயலாத டி-வகை (இயல்பானவற்றின் கண்ணாடிப் பிம்ப வடிவ) அமினோ அமிலங்களால் ஆன உணரி இட்ட கிண்ணம் ஒன்றையும் ஒவ்வொரு முறையும் உடன் வையுங்கள். தடுப்பானுக்குப் பதிலாக, கால்சியம் போன்ற உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏவை இட்டால் செல்களே தரையிலிருந்து கழன்றுவிடும்.

ஒளி இல்லாவிட்டாலும் சுரப்பு இல்லை என்றாகாது. எம்எம்பி-9 முதலில் 92 கிலோடால்டன் அளவுள்ள செயலற்ற முன்வடிவமாகவே வெளிவருகிறது. உணரி அதைக் காணாது. ஊடகத்தைச் சேகரித்து ஜெலட்டின் சைமோகிராஃபி (ஜெலட்டின் கலந்த கூழ்மத்தில் நொதிகளை அளவு வாரியாகப் பிரித்து, அவை அரிக்கும் இடத்தைக் காணும் சோதனை) செய்தால் முன்வடிவம், செயல்வடிவம் இரண்டும் தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும்.

வெட்டுண்ட சாயத்துண்டு சிறியது, விரைவில் மிதந்து அகன்றுவிடும். எனவே தொடக்க நிமிடப் படங்களையே இடம் குறித்த சான்றாகக் கருதலாம், அதுவும் எச்சரிக்கையோடு. எந்தச் செல்லருகே வெட்டு நிகழ்ந்தது என்பதே கேள்வி என்றால், வேதியியலாளர் ரோஜர் சியென் குழுவினர் 2004இல் வெளியிட்ட முறையைப் பின்பற்றி, வெட்டுண்டதும் அருகிலுள்ள செல்லிலேயே ஒட்டிக்கொள்ளும் ஆர்ஜினின் மிகுந்த பெப்டைடைத் தேர்ந்தெடுங்கள்.