கார்னர்பேக் வேலை: முதல் ஐந்து யார்டிலிருந்து கடைசி ஒப்பந்தம் வரை

ரிசீவர் என்ற எதிரணி வீரர் பந்தைப் பிடிக்காமல் தடுக்கும் தற்காப்பு வீரர்தான் கார்னர்பேக். அவர் வேலை பின்பக்கமாக ஓடுவதில் தொடங்குகிறது. எதிரே நிற்கும் ரிசீவருக்குத் தான் எங்கே போகப்போகிறோம் என்பது தெரியும், இவருக்குத் தெரியாது. அவர் முகம் பார்த்த திசையில் ஓடுகிறார், இவர் முதுகு பார்த்த திசையில். அமெரிக்கன் ஃபுட்பாலில் இவ்வளவு பாதகமான நிலையில் ஆட்டத்தைத் தொடங்குபவர்கள் குறைவு. அந்தப் பாதகத்தை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இந்தத் தொழிலில் கற்க வேண்டியது எல்லாம்.

வேகத்தை மட்டும் நம்பி இறங்குபவர்கள் சீக்கிரம் வெளியேறுகிறார்கள். ஆண்டுதோறும் இண்டியானாபோலிஸில் நடக்கும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் கம்பைன் தேர்வில் 40 யார்டு ஓட்டத்தை 4.5 விநாடிக்குள் முடித்தால்தான் கார்னர்பேக்கைப் பல அணிகள் திரும்பிப் பார்க்கும். 2022-ல் கேலன் பார்ன்ஸ் 4.23 விநாடியில் ஓடினார். ஆனாலும் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஏழாவது சுற்றில்தான் எடுக்கப்பட்டார், எந்த அணியிலும் நிலைக்கவில்லை. கல்லூரியில் ரிசீவராகத் தொடங்கிப் பிறகு கார்னர்பேக்காக மாறிய ரிச்சர்ட் ஷெர்மன் 2011-ல் ஐந்தாம் சுற்றில், 154-ஆவது ஆளாகப் போனவர். மின்னல் வேகக்காரர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. தன் தலைமுறையின் மிகச் சிறந்த கார்னர்பேக்குகளில் ஒருவராக அவர் ஆனதற்கு நீளமான கைகளும், அவசரப்படாத கால்களும், எதிராளியின் ஆட்டத்தை முன்கூட்டியே படித்த கண்ணும்தான் காரணம்.

பள்ளிப் பருவத்துக்கு மூன்றே விஷயம். முதலாவது, ரிசீவராகவும் ஆடுங்கள். பந்தைக் காற்றில் பிடிக்கும் பழக்கம் பிறகு வராது. இரண்டாவது, வசந்த காலத்தில் தடகள அணியில் சேருங்கள். கையால் அளந்த 40 யார்டு நேரத்தைக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் நம்புவதில்லை, மின்னணுக் கருவியில் பதிவான 100 மீட்டர் நேரத்தை நம்புவார்கள். மூன்றாவது, வீடியோத் தொகுப்பை மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் உங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள், சிறந்த காட்சி முதலில் வரட்டும். கூடவே ஒரு முழு ஆட்டத்தின் பதிவையும் வைத்திருங்கள், அக்கறையுள்ள பயிற்சியாளர் அதைத்தான் கேட்பார். உயர்நிலைப் பள்ளியை முடித்து மூன்று ஆண்டு ஆகாமல் என்எஃப்எல் டிராஃப்டுக்குப் போக முடியாது.

இனி உண்மையான வேலைக்கு வருவோம்.

ரிசீவரின் முகத்துக்கு நேராக, ஆட்டம் தொடங்கும்போது பந்து இருக்கும் இடத்தின் கோடான ஸ்கிரிமேஜ் கோட்டை ஒட்டி நின்று மறிப்பதற்கு பிரஸ் என்று பெயர். தோள் அகலத்தைவிடச் சற்றுக் குறுக்கிக் கால்களை வையுங்கள். எடை முன்பாதத்தின் உள்விளிம்பில் இருக்கட்டும். கைகளை முழங்காலில் ஊன்றாதீர்கள், மார்பு உயரத்தில் தயாராக வையுங்கள். மைதானத்தின் நடுப்பக்கம் உதவிக்கு சேஃப்டி (பின்னால் ஆழத்தில் நிற்கும் தற்காப்பு வீரர்) இல்லையென்றால், உங்கள் மூக்கு ரிசீவரின் உள்தோளுக்கு நேராக இருக்கும்படி நில்லுங்கள். ஓரக்கோடு வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். கண் அவர் இடுப்பில் இருக்க வேண்டும். தலையும் தோளும் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது.

பந்து அசைந்ததும் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, எட்டிப் பாய்ந்து இரண்டு கைகளாலும் அடிப்பது. அடி தவறினால் உடல் எடை முழுவதும் முன்னால் சாய்ந்துவிடும், ரிசீவர் பக்கவாட்டில் கடந்து போய்விடுவார். அதற்குப் பதில் அரை அடிக்கும் குறைவான பக்கவாட்டு எட்டுகளாக நகருங்கள். அவர் உண்மையில் எந்தப் பக்கம் போகிறார் என்று உறுதியாகும்வரை இடுப்பைத் திருப்பாதீர்கள். அவர் உங்கள் வலப்பக்கமாக விலகினால் வலது இடுப்பைத் திருப்பி, இடது கையால் அவர் மார்பில் குத்துங்கள். வலது கையை நீட்டினால் உடல் அந்தப் பக்கம் சாய்ந்து, கால் நின்றுவிடும். எதிர்க் கையை நீட்டும்போது உடல் தானாகவே அவர் ஓடும் திசைக்குத் திரும்பும். கை வேலை செய்யும்போது கால் நிற்கக் கூடாது. புதியவர்களின் பிரஸ் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதற்கான பயிற்சி எளிது. ஐந்து யார்டு அகலத்துக்கு இரண்டு கூம்புகளை வைத்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிரே நிற்பவரை இரண்டு விநாடி கால்களால் மட்டும் மறியுங்கள். எட்டு முறை செய்யலாம், ஒவ்வொரு முறைக்கும் நடுவே 45 விநாடி ஓய்வு. கால்கள் பழகிய பிறகு கைகளைச் சேருங்கள். சட்டையைப் பிடித்து இழுக்கும் பழக்கம் இருந்தால் ஒவ்வொரு கையிலும் ஒரு டென்னிஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு ஆடுங்கள், பிடிக்க வழியே இருக்காது.

இந்தப் பழக்கம் ஏன் முக்கியம் என்றால், என்எஃப்எல்லில் ஸ்கிரிமேஜ் கோட்டிலிருந்து ஐந்து யார்டு வரைதான் ரிசீவரைத் தள்ளலாம். அதைத் தாண்டித் தொட்டு மறித்தால் ஐந்து யார்டு பெனால்டி, கூடவே எதிரணிக்குத் தானாக முதல் டவுன், அதாவது பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள் புதிதாகத் தொடங்கும். பிட்ஸ்பர்க் அணியின் மெல் பிளவுன்ட் ரிசீவர்களை நசுக்கி ஆடியதால் 1978-ல் வந்த விதி இது, இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கல்லூரி விதிகள் இந்த விஷயத்தில் தாராளம். அங்கே பத்து யார்டு வரை கைவைத்தே பழகியவர்கள் தொழில்முறை ஆட்டத்தின் முதல் மாதங்களில் பெனால்டியாக வாங்கிக் குவிப்பார்கள். கல்லூரியில் இருக்கும்போதே ஐந்து யார்டில் கையை எடுக்கப் பழகுங்கள்.

ஏழெட்டு யார்டு தள்ளி நின்று ஆடும்போது கண்ணின் வரிசை மாறும். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் முதல் மூன்று எட்டுகளைப் பாருங்கள். மூன்றாவது எட்டில் அவர் எறியத் தயாரானால் குறுகிய பாஸ், முன்னால் பாயலாம். எறியவில்லையென்றால் கண்ணை உடனே ரிசீவரிடம் திருப்புங்கள். பின்னோக்கி ஓடும்போது மூக்கு கால்விரலுக்கு நேர் மேலே, மார்பு தாழ்ந்து இருக்க வேண்டும். திசை மாற்றும் கணத்தில் நிமிர்ந்துவிட்டால் அந்த நிமிர்வுக்கே ஒரு யார்டு போய்விடும்.

பந்து காற்றில் இருக்கும்போது ஒரே கேள்விதான்: ரிசீவரின் இடுப்போடு இடுப்பாக ஓடுகிறீர்களா, பின்தங்கிவிட்டீர்களா? ஒட்டி ஓடினால் அவர் மேல் லேசாகச் சாய்ந்து, திரும்பிப் பந்தைத் தேடுங்கள். அப்போது பந்து உங்களுக்கும் சொந்தம். பின்தங்கியிருந்தால் திரும்பவே திரும்பாதீர்கள், திரும்பும் கணத்தில் இன்னும் ஓரடி பின்தங்குவீர்கள். அவர் கைகளை மட்டும் பாருங்கள். அவை உயரும்போது இரண்டு கைகளுக்கும் நடுவே உங்கள் கையை நுழைத்துக் கீழ்நோக்கி இழுங்கள். முதுகில் மோதினால் கதை முடிந்தது. பந்து வரும்முன் ரிசீவரை மோதித் தடுக்கும் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் தவறுக்குக் கல்லூரியில் அதிகபட்சம் 15 யார்டுதான். என்எஃப்எல்லில் தவறு நடந்த இடத்திலேயே பந்து வைக்கப்படும். 45 யார்டு தள்ளி நடந்திருந்தால் அந்த 45 யார்டும் போச்சு. எண்ட் சோனுக்குள் (புள்ளி எடுக்கும் கடைசிப் பகுதி) நடந்திருந்தால் பந்து ஒரு யார்டு கோட்டில்.

வீடியோ பார்ப்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தொலைக்காட்சிப் பதிவில் ரிசீவர் பாதி நேரம் சட்டகத்துக்கு வெளியே இருப்பார். 22 பேரும் தெரியும் உயரக் கோணப் பதிவைப் பாருங்கள். ஒவ்வொரு ரிசீவருக்கும் எழுத வேண்டியவை: எங்கே நிற்கிறார், எத்தனையாவது டவுன், எத்தனை யார்டு தேவை, எந்தப் பாதை ஓடினார். 2015 பிப்ரவரி 1 அன்று நடந்த என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் மால்கம் பட்லர் செய்தது இதன் பலன்தான். டிராஃப்டில் யாரும் எடுக்காமல், வெஸ்ட் அலபாமா என்ற சிறிய கல்லூரியிலிருந்து நியூ இங்கிலாந்து அணிக்கு வந்தவர். சியாட்டல் ரிசீவர்கள் இருவர் ஒருவர் பின் ஒருவராக நின்றதைக் கண்டதுமே பாஸ் எங்கே வரும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த வாரப் பயிற்சியின்போது இதே உத்தியிடம் அவர் தோற்றிருந்தார். ஒரு யார்டு கோட்டில் ரிசீவருக்கு முன்னால் பாய்ந்து பந்தைப் பறித்தார், கோப்பை நியூ இங்கிலாந்துக்குப் போனது. பயிற்சியில் தோற்ற இடங்களைக் குறித்து வைப்பவருக்குத்தான் இப்படி வாய்க்கும்.

அணிக்குள் நுழைவது தனிப் போராட்டம். கோடையில் 90 பேர், பருவம் தொடங்கும்போது 53 பேர். ஆட்ட நாளில் சீருடை அணிபவர்கள் அதிகபட்சம் 48. நான்காவது, ஐந்தாவது கார்னர்பேக்கை ரிசீவரை மறிக்கும் திறமைக்காக மட்டும் யாரும் வைத்துக்கொள்வதில்லை. பந்தை எதிரணியிடம் தூர உதைத்துவிடும் பன்ட் உதையின்போது ஓரத்திலிருந்து பாய்ந்து ஓடி, பந்தைப் பிடிப்பவரை வீழ்த்தும் கன்னர் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். உதை ஆட்டங்களுக்கான சிறப்புக் குழுவின் பயிற்சியாளர் உங்களுக்காக வாதாடினால் 53-ல் இடம் கிடைக்கும். இல்லையென்றால் பயிற்சிக் குழு. 2025-ல் புதியவருக்கு அங்கே வாரச் சம்பளம் 13,000 டாலர், 18 வாரமும் இருந்தால் 2,34,000. 53-ல் பருவம் முழுக்க இருக்கும் புதியவருக்குக் குறைந்தபட்சமே 8,40,000. இந்த இடைவெளியை நிரப்புவது பல சமயம் கன்னர் வேலைதான்.

டிராஃப்டில் எடுக்கப்பட்டவருக்கு முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முதல் சுற்றில் போனவரை ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. எடுக்கப்படாமல் சேர்ந்தவருக்கு மூன்று ஆண்டு. முழுச் சம்பளத்துக்கு உரியவராக ஆறு ஆட்டங்கள் அணியில் இருந்தால்தான் அது ஒரு பருவமாகக் கணக்கில் சேரும். அப்படி நான்கு பருவங்கள் சேர்ந்து ஒப்பந்தமும் முடிந்தால் விரும்பிய அணியோடு பேசலாம். அப்போது செய்தித்தாளில் வரும் மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். கையெழுத்திடும்போதே உறுதியாகும் தொகை எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள், மீதியை அணி எந்த ஆண்டும் வெட்டலாம். முகவர் ஒப்பந்தத் தொகையில் மூன்று சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது வீரர் சங்கத்தின் விதி. வெளியூரில் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த மாநிலம் வருமான வரி கேட்கக்கூடும். அதற்கென்றே பழகிய கணக்காளரை முதல் ஆண்டிலேயே பிடியுங்கள்.

இன்டர்செப்ஷன் எண்ணிக்கையை வைத்து உங்களை நீங்களே எடைபோடாதீர்கள். 1952-ல் ‘நைட் டிரெயின்’ லேன் 12 ஆட்டங்களில் 14 பந்துகளைப் பறித்தார், அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது. ஆனால் மிகச் சிறந்த கார்னர்பேக் பக்கம் குவார்ட்டர்பேக் எறியவே தயங்குவார். அவர் பறிக்கும் பந்துகள் குறைந்துபோவதும் அதனால்தான்.

தொடையின் பின்தசைதான் இந்த வேலையில் முதலில் போவது. வாரம் இரண்டு நாள் முழு வேகத்துக்கு நெருக்கமாகச் சில ஓட்டங்கள், இரண்டு நாள் நார்டிக் பயிற்சி. முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை மெதுவாக முன்னால் சாய்ப்பதுதான் நார்டிக். பருவ இடைவேளையில் முழு வேகத்தையே தொடாமல் இருந்துவிட்டு முகாமில் திடீரென்று ஓடுபவர்களுக்குத்தான் தசை அதிகம் கிழிகிறது. கிழிந்தபின் வலி போனதும் திரும்பிவிடாதீர்கள். இரண்டு கால்களின் பலமும் சமமாகி, முழு வேகத்தில் ஓடிப் பார்த்த பிறகே ஆடுங்கள்.

முப்பதை நெருங்கும்போது அரை எட்டு வேகம் குறையும், ரிசீவர்கள் அதை உங்களுக்கு முன்பே கண்டுகொள்வார்கள். டாரல் கிரீன் 1983 முதல் 2002 வரை வாஷிங்டனில் கார்னர்பேக்காகவே 20 பருவம் ஆடியது விதிவிலக்கு. ராட் வுட்சனும் சார்ல்ஸ் வுட்சனும் சேஃப்டிக்கு மாறித்தான் தங்கள் தொழிலை நீட்டித்தார்கள். அதற்கான தயாரிப்பை 28 வயதில் தொடங்குங்கள். சேஃப்டிகளின் கூட்டத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். எந்தத் தற்காப்பு உத்தி என்று எல்லோருக்கும் குரல் கொடுத்துச் சொல்வது சேஃப்டியின் பொறுப்பு, அதனால் உங்கள் ஒரு ரிசீவரின் பாதையோடு நிற்காமல் பதினொரு பேரின் வேலையையும் மனப்பாடம் செய்யுங்கள். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு வரும்முன், கோடை முகாமில் நாளுக்குப் பத்து முறையாவது அந்த இடத்தில் நின்று ஆடிய பதிவு உங்கள் கையில் இருக்கட்டும். அடுத்த அணி முதலில் கேட்பது அதைத்தான்.