சலவை எண் 47

ஏற்காட்டுப் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளியில் 1998 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த எங்களில் பெரும்பாலோர் தொடர்பறுந்து போயிருந்தோம். என்னிடம் மிஞ்சியிருந்தது மை வெளிறிய ஓர் ஆட்டோகிராப் நோட்டு மட்டுமே. அதிலிருந்த தொலைபேசி எண்களுக்கு முன்னால், பின்னாளில் சேர்க்கப்பட்ட 2 என்ற இலக்கத்தை இட்டு முயன்றும், அநேகமாக எல்லா இணைப்புகளும் துண்டிக்கப்பட்டிருந்தன. ஆனால் வீட்டு முகவரிகள் பின்கோடு எண்ணுடன் முழுமையாக இருந்ததால், ஐம்பது காசு அஞ்சலட்டைகளில் என் கைப்பேசி எண்ணை எழுதி 31 பேருக்கு அனுப்பினேன். பிள்ளைகள் எங்கெங்கோ சென்றுவிட்டாலும் பெற்றோர் பலர் அதே வீட்டில்தான் இருந்தார்கள். முதல் அழைப்பே ஒரு தோழனின் அம்மாவிடமிருந்து வந்தது: "தம்பி, லீவுக்கு வந்தப்போ எங்க வீட்டுல பணியாரம் சாப்பிட்ட பையன்தானே?"

அடுத்து வாட்ஸ்அப் குழு தொடங்கியதில்தான் தவறு செய்தேன். காலை வணக்கப் படங்களும் அரசியல் சண்டையும் பெருகி, இரண்டே மாதத்தில் பலர் விலகினார்கள். எனவே நிர்வாகிகள் மட்டுமே பதிவிடும்படி அமைப்பை மாற்றிவிட்டு, விடுதியில் துவைக்கப் போடும் ஒவ்வொருவர் சட்டையின் கழுத்துப்பட்டையிலும் சிவப்பு நூலால் தைத்திருந்த சலவை எண்ணைக் கையிலெடுத்தேன். மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒவ்வொருவரும் தமக்கு அடுத்த எண்காரரை அழைத்துப் பேச வேண்டும். எண் 47 ஆகிய நான் 48-ஐ அழைப்பேன். பள்ளியில் அவனுடன் நான் பேசியதே இல்லை. இப்போது அரைமணிக்குக் குறைந்து வைப்பதில்லை.