மது இல்லாத ஆபீஸ் பார்ட்டி: ஏற்பாடு உங்கள் கைக்கு வந்தால்

வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். ஆண்டு முடியப் போகிறது. மேனேஜர் உங்கள் மேசைப் பக்கம் வந்து, "இந்த வருஷப் பார்ட்டியில் மது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். என்ன விளையாட்டு வைக்கலாம் என்று நீங்களும் கொஞ்சம் பாருங்களேன்" என்பார். புதிதாக வந்தவர்களில் பலர் இந்த இடத்தில் பின்வாங்கி விடுகிறார்கள். "எனக்கு இங்கே ஒன்றும் தெரியாதே" என்று வேறு யாரையாவது கைகாட்டி விடுகிறார்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளுங்கள். எந்த விளையாட்டு யாரை ஓரமாக நிறுத்தும் என்பது, ஓரமாக நின்று பார்த்தவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அது இப்போது நீங்கள்.

நான் போன முதல் ஆபீஸ் பார்ட்டியில் எல்லோர் கையிலும் ஒரு கிளாஸ் இருந்தது. என் கையில் இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாமல் நின்றேன். யாரோ சிவப்பாக இருந்த பானத்தைக் காட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பழச்சாறு என்று நினைத்து இரண்டு வாய் குடித்த பிறகுதான் அதில் மது கலந்திருப்பது தெரிந்தது. யார் மேலும் தப்பில்லை, பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு சீட்டு இல்லை, அவ்வளவுதான். ஆனால் அன்று மாலை முழுவதும் நான் வேறு எதையும் தொடவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பார்ட்டியில் மதுவுக்கு இரண்டு வேலை உண்டு. கையில் பிடித்துக்கொள்ள ஒன்றைத் தருகிறது. முதல் அரை மணி நேரத்துக் கூச்சத்தைக் குறைக்கிறது. மதுவை எடுத்துவிட்டால் இந்த இரண்டு வேலையையும் வேறு ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும். வெறும் சாப்பாடும் பாட்டும் மட்டும் வைத்தால் ஆட்கள் தெரிந்தவர்களோடு நாலு பேராகச் சேர்ந்து நின்றுவிட்டு, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். ஆகவே உங்கள் யோசனையில் பாதியை அந்த முதல் அரை மணிக்குக் கொடுங்கள்.

முதல் அரை மணி

நான் பார்த்ததில் மிக நன்றாக வேலை செய்தது பிறந்தநாள் வரிசை. விதி ஒன்றுதான்: எல்லோரும் ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்தநாள் வரிசையில் நிற்க வேண்டும், ஆனால் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மாதமும் தேதியும் போதும், ஆண்டு வேண்டாம், வயதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. முப்பது பேர் இருந்த ஓர் அறையில் இதை வைத்தார்கள். ஒருவர் விரல்களை விரித்து மூன்றாம் மாதம் என்று காட்டுகிறார், பதினேழு என்பதைக் காட்ட விரல் போதாமல் இரண்டு தடவை கையை மூடித் திறக்கிறார். எதிரே இருந்த பெண் அதே போலக் காட்டுகிறார். இருவரும் ஒரு நொடி அப்படியே நின்றார்கள். பிறகு விதியை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டார்கள். ஆறு வருடமாக ஒரே தளத்தில் வேலை பார்த்தவர்கள், இருவருக்கும் ஒரே நாளில் பிறந்தநாள்.

இது அபூர்வம் போலத் தெரியும், ஆனால் கணக்குப்படி அப்படியில்லை. ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். 30 பேர் என்றால் சுமார் 70 சதவீதம். வரிசை முடிந்ததும் இதைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த பத்து நிமிடப் பேச்சுக்கு அதுவே போதும்.

எனக்கு இந்த விளையாட்டு பிடிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இதில் பேச்சே இல்லை. புதிய நாட்டில் நம் உச்சரிப்பைப் பற்றி உள்ளூர ஒரு பயம் இருக்கிறதல்லவா, ஐந்து நிமிடத்துக்கு அந்தப் பயத்துக்கு வேலையில்லை. அறையில் எல்லோரும் ஒரே மொழியில்தான் இருக்கிறார்கள், கைமொழியில்.

இதற்கு அடுத்ததாக ஆள் பிங்கோ வைக்கலாம். ஐந்துக்கு ஐந்து, 25 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வரி: மூன்று மொழி பேசுபவர், இடது கைப் பழக்கம் உள்ளவர், இந்த ஆண்டு வீடு மாறியவர், நீச்சல் தெரியாதவர். பொருத்தமான ஆளைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருவரிடம் ஒரு கையெழுத்துதான் என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் தெரிந்த இரண்டு பேரிடமே தாளை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கட்டங்களை எழுதும்போது கவனம் வேண்டும். கல்யாணம், குழந்தை, உடம்பு, மதம் இவை எதுவும் வேண்டாம். நாம் சாதாரணமாகக் கேட்டுவிடும் கேள்வி இங்கே ஒருவரைத் தலைகுனிய வைக்கலாம்.

சின்ன வயதுப் படத்தைப் பார்த்து யாரென்று கண்டுபிடிக்கும் விளையாட்டையும் நிறைய ஆபீசில் வைக்கிறார்கள். அழகான விளையாட்டுதான். ஆனால் வீட்டை விட்டுத் தொலைவில் வந்தவர்களிடம் படம் இருக்காது, சிலரிடம் என்றைக்குமே இருந்திருக்காது. இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். படம் இல்லாதவர்கள் தங்கள் மேசையின் ஒரு மூலையையோ வளர்க்கும் பிராணியையோ படம் எடுத்து அனுப்பலாம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

நடுவில் ஒரு பெரிய விளையாட்டு

ஆட்கள் கலந்த பிறகு, நடுவில் ஒரே ஒரு பெரிய விளையாட்டு போதும். எனக்கு மார்ஷ்மெல்லோ (பஞ்சு போல மெத்தென்ற மிட்டாய்) கோபுரம்தான். பீட்டர் ஸ்கில்மேன் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கியது, 2010-இல் டெட் (TED) மாநாட்டு மேடையில் டாம் வூஜெக் என்பவர் பேசிய உரைக்குப் பிறகு எல்லா இடத்திலும் பரவியது. ஒரு குழுவுக்கு நான்கு பேர். வேகவைக்காத 20 ஸ்பகெட்டி (நீளமான இத்தாலிய நூடுல்ஸ்) குச்சிகள், ஒரு கஜம் பசை நாடா, ஒரு கஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ. நேரம் 18 நிமிடம். எதிலும் சாய்க்காமல் தானாக நிற்கும் கோபுரம் கட்டி, அதன் உச்சியில் மார்ஷ்மெல்லோவை வைக்க வேண்டும். எது உயரமோ அது ஜெயித்தது.

வேடிக்கை கடைசி நிமிடத்தில்தான். எல்லோரும் பேசித் திட்டம் போட்டு, ஸ்பகெட்டியை அழகாக அடுக்கி, நேரம் முடியும் தறுவாயில் மார்ஷ்மெல்லோவை மேலே வைப்பார்கள். பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று நினைத்த அது, அந்த மெல்லிய குச்சிகளுக்கு நல்ல பாரம். கோபுரம் மெதுவாக ஒரு பக்கம் வளையும், அறை மூச்சைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஒரே ஓசை. பள்ளியில் இப்போதுதான் சேர்ந்த குழந்தைகள், வணிக மேலாண்மை படித்தவர்களைவிட உயரமாகக் கட்டுகிறார்கள் என்று வூஜெக் சொல்கிறார். குழந்தைகள் முதலிலிருந்தே மார்ஷ்மெல்லோவை வைத்து வைத்துப் பார்க்கிறார்களாம். தலைமை நிர்வாகிகள் மட்டும் இருக்கும் குழுவைவிட, அவர்களோடு ஒரு நிர்வாக உதவியாளரும் சேர்ந்த குழு நன்றாகக் கட்டுகிறது என்றும் சொல்கிறார். இதைப் பரிசு கொடுக்கும்போது சொல்லுங்கள், முன்னாலே சொன்னால் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். இன்னொன்று: மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கிலிருந்து வருவது. கட்டுவதற்குத்தான், சாப்பிடுவதற்கு அல்ல என்றாலும் மேசையில் அதை எழுதி வைப்பது மரியாதை.

குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். இஷ்டப்படி விட்டால் பழைய கூட்டாளிகள் ஒன்றாகச் சேர்வார்கள், புதியவர் மிச்சமாக நிற்பார்.

வினாடி வினா வைப்பதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். உள்ளூர் டிவி தொடர், உள்ளூர் விளையாட்டு வீரர், இருபது வருடத்துக்கு முந்தைய பாட்டு என்று கேள்வி போடாதீர்கள். அந்த நாட்டில் வளராதவர் அந்த நேரம் முழுவதும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஆபீசைப் பற்றியே கேளுங்கள். எந்தத் தளத்தில் எத்தனை ஜன்னல், காபி மெஷினில் மூன்றாவது பொத்தான் எதற்கு, அலுவலகத்தில் அதிக நாள் வேலை பார்ப்பவர் யார். எல்லோரும் ஒரே தூரத்தில் நிற்கிற கேள்விகள். நடித்துக் காட்டும் விளையாட்டுக்கும் இதுவே. படப் பெயருக்குப் பதிலாக, அச்சு இயந்திரத்தில் காகிதம் சிக்கியது, மைக்கை ஆன் செய்யாமலே பத்து நிமிடம் பேசியவர் என்று ஆபீஸ் காட்சிகளைச் சீட்டில் எழுதிப் போடுங்கள்.

பரிசு மாற்றிக்கொள்வது

சீக்ரெட் சாண்டா எளிது. சீட்டில் வந்த பெயருக்கு நீங்கள் ரகசியமாகப் பரிசு வாங்குகிறீர்கள், உங்களுக்கு யாரோ வாங்குகிறார்கள். ஒயிட் எலிஃபெண்ட் என்பது வேறு, அதைத் தெரியாமல் போய் மனம் நொந்த புதியவர்கள் உண்டு. எல்லோரும் ஆளுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள். குலுக்கலில் ஒன்றாம் எண் வந்தவர் ஒன்றைப் பிரிப்பார். இரண்டாமவர் புதிதாகப் பிரிக்கலாம், அல்லது முதலாமவர் கையில் இருப்பதையே எடுத்துக்கொள்ளலாம். இப்படியே போகும். நீங்கள் ஆசையாக மடியில் வைத்திருக்கும் பொருளை ஒருவர் சிரித்துக்கொண்டே எடுத்துப் போவார். அது அவமரியாதை இல்லை, விளையாட்டே அதுதான். பறிகொடுத்தவர் வேறொன்றைப் பிரிக்கலாம், அல்லது இன்னொருவரிடமிருந்து எடுக்கலாம். ஒரு பொருள் மூன்று தடவை கைமாறினால் அப்புறம் அதைத் தொடக் கூடாது என்பது பலரும் வைக்கும் விதி. விளையாட்டைத் தொடங்கும் முன் விதிகளை ஒரு தடவை சத்தமாகப் படித்துவிடுங்கள், எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்க வேண்டாம்.

விலைக்கு ஒரு வரம்பு சொல்லுங்கள், குறைவாகவே வையுங்கள். மது பாட்டிலைப் பரிசாகக் கொண்டுவர வேண்டாம் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். மது இல்லாத பார்ட்டியில் பரிசு மேசையில் இரண்டு ஒயின் பாட்டில் நிற்பது நடக்கிற காரியம்தான்.

குடிப்பதற்கு

பானங்களைக் கடைசி வேலையாகத் தள்ளிவிடாதீர்கள். தண்ணீர் பாட்டிலை மட்டும் வரிசையாக அடுக்கினால் ஏதோ பறிக்கப்பட்ட மாதிரி இருக்கும். ஒரு மேசையில் பழச்சாறு, சோடா, ஐஸ், நறுக்கிய பழம், புதினா வைத்து, ஆட்களே தங்கள் மாக்டெயிலை, அதாவது மது சேராத கலவைப் பானத்தை, கலந்துகொள்ள விடுங்கள். கைக்கும் வேலை, பேச்சுக்கும் காரணம். நல்ல கிளாஸ் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சீட்டு எழுதி வையுங்கள்.

ஆல்கஹால் இல்லாதது என்று விற்கும் பீரில் பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்க அனுமதி உண்டு. மதத்துக்காகத் தவிர்ப்பவருக்கும், குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு வருபவருக்கும் அந்தக் கொஞ்சமே பெரிய விஷயம். மீண்டு வருபவருக்கு பீரின் வாசனையும் பாட்டிலின் உருவமுமே சோதனை. என் அபிப்பிராயத்தில் அதை வாங்காமலே இருப்பது நல்லது. கேக்கிலும் சாக்லேட்டிலும் ரம் சேர்ப்பதுண்டு, ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

யார் ஏன் குடிக்கவில்லை என்று மட்டும் யாரிடமும் கேட்க வேண்டாம். கர்ப்பமாக இருக்கலாம், மருந்து சாப்பிடலாம், வண்டி ஓட்டிப் போக வேண்டியிருக்கலாம், விருப்பமில்லாமலும் இருக்கலாம். எல்லோர் கையிலும் ஒரே மாதிரி கிளாஸ் இருக்கிற பார்ட்டியில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. மது இல்லாத பார்ட்டியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

அழைப்பும் நேரமும்

அழைப்பிலேயே மது இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம், காரணம் விளக்கவும் வேண்டாம். "உணவு, மாக்டெயில், விளையாட்டு உண்டு, மது இல்லை", போதும். வந்து பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் முணுமுணுப்பார்கள். முடிந்த பிறகு சிலர் வெளியே போய்க் குடிப்பார்கள், போகட்டும். உங்களையும் கூப்பிட்டால் போய் ஒரு சோடா வாங்கிக்கொண்டு அரை மணி உட்காரலாம், அல்லது நன்றி சொல்லி வீட்டுக்குக் கிளம்பலாம், இரண்டும் சரி.

தொடங்கும் நேரத்தைப் போல முடியும் நேரத்தையும் எழுதுங்கள். மது இல்லாத பார்ட்டிக்கு இரண்டு மணி, மிஞ்சினால் இரண்டரை மணி நேரம் அளவு. வேலை நேரத்துக்குள்ளேயே மதியம் வைக்க முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள். பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்துவர வேண்டியவர்களும் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களும் அப்போதுதான் நிம்மதியாக இருப்பார்கள்.

விளையாட வராதவர்களுக்கு ஒரு மூலை ஒதுக்குங்கள். அதில் ஒரு ஜெங்கா வைத்தால் போதும், கோபுரம் சரியாமல் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி மேலே அடுக்கும் விளையாட்டு. 54 மரக்கட்டைகள், மூன்று மூன்றாக 18 அடுக்கு. லெஸ்லி ஸ்காட் 1983-இல் வெளியிட்டது, கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் கட்டி எழுப்புவதற்கான சொல்லிலிருந்து வந்த பெயர். கூச்ச சுபாவமுள்ள இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, பேசாமலே அரை மணி நேரம் சந்தோஷமாக இருப்பதை அந்த மூலையில் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கையைப் பிடித்து நடுவுக்கு இழுக்காதீர்கள். மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் வேண்டாம்.

படம் எடுத்தால், பொதுவில் போடும் முன் படத்தில் இருப்பவர்களிடம் கேளுங்கள். மிஞ்சிய பசை நாடா, நூல், பிங்கோ தாள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, எந்த விளையாட்டு எத்தனை நிமிடம் ஓடியது, எது எடுபடவில்லை என்று ஒரு தாளில் குறித்து உள்ளே வையுங்கள். அடுத்த டிசம்பரில் அந்தப் பெட்டியைத் திறக்கப் போகிறவர் இன்னும் விமானமே ஏறாத ஒருவராகக்கூட இருக்கலாம்.