தண்ணீருக்கடியில் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அந்தமானின் ஹேவ்லாக்குக்கு, அதாவது இன்றைய ஸ்வராஜ் தீவுக்கு, டைவிங் போய் வருபவர்களின் படங்களில் பெரும்பாலும் ஒரே குறைதான். எல்லாம் நீலப்பச்சையாக, மங்கலாக, நடுவில் எங்கேயோ ஒரு மீன். உடனே கேமராவின் மேல் பழி போடுகிறோம். உண்மையில் கெடுப்பது இடையில் இருக்கும் தண்ணீர்.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. ஐந்து மீட்டரிலேயே அது மங்கத் தொடங்கும், பத்து மீட்டரில் அநேகமாக இருக்காது. ஆழம் மட்டுமல்ல, உங்களுக்கும் மீனுக்கும் நடுவே உள்ள தூரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே தள்ளி நின்று ஜூம் செய்வதுதான் பெரிய தவறு. போதாததற்கு, தண்ணீருக்குள் எல்லாமே நிஜத்தைவிடக் கிட்டத்தில் இருப்பதுபோலத் தெரியும். நெருங்கிவிட்டோம் என்று தோன்றும்போது இன்னும் கொஞ்சம் போங்கள். ஒரு மீட்டருக்குள் வந்தால் நல்லது.

கேமராவிலேயே உள்ள ஃபிளாஷ் வேண்டாம். லென்ஸுக்கு முன்னால் மிதக்கும் துகள்களில் பட்டு, படம் முழுக்க வெள்ளைப் புள்ளியாக விழும். ஸ்ட்ரோப், அதாவது தனியாக மாட்டும் வெளி ஃபிளாஷ், இருந்தால் பக்கவாட்டில் தள்ளி, சற்று வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். இல்லையென்றால் ஆழம் குறைந்த இடத்தில், வெயில் முதுகில் படும்படி இருந்து, ரா ஃபைலில், அதாவது பிறகு நிறத்தைத் திருத்த இடம் தரும் சுருக்கப்படாத வடிவில், எடுங்கள்.

சரி, கிட்டப் போவது எப்படி? அதற்கு உடம்பு அடங்க வேண்டும். மிதவைக் கட்டுப்பாடு, அதாவது மேலே எழும்பாமலும் கீழே அமிழாமலும் ஒரே மட்டத்தில் நிற்கும் பழக்கம், கைவராமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு இறங்குவதை என்னால் ஏற்கவே முடியாது. கண் திரையில் இருக்கும், காலில் மாட்டிய ஃபின் பவளத்தில் இடிக்கும். குண்டாக வளரும் பவளங்கள் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளர்கின்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்பு பெற்ற உயிரினங்களின் பட்டியலில், பவளங்களும் இருக்கின்றன. முதல் சில டைவ்களில் கேமராவைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.

கடல் சாமந்தி (சீ அனிமோன்) என்ற உயிரினத்துக்குள் இருக்கும் கோமாளி மீனைத் துரத்தாதீர்கள். எதையும் தொடாமல், அதன் மட்டத்திலேயே மிதந்தபடி காத்திருங்கள். உள்ளே போன மீன் கொஞ்ச நேரத்தில் தானே எட்டிப் பார்க்கும். அப்போது கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுங்கள். மேலிருந்து எடுத்தால் முதுகுதான் கிடைக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அப்புறம் காற்று கேஜையும், கூட வந்தவரையும் பாருங்கள். இந்த மும்முரத்தில் காற்று தீர்வது தெரியாது.

கேமரா சாவது பெரும்பாலும் படகில்தான், கேமராவைத் தண்ணீர் படாமல் காக்கும் ஹவுசிங் என்ற உறையை அவசரமாக மூடும்போது. உறையின் விளிம்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் போதும், உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். முந்தின இரவே ஏசி அறையில், விளக்கு வெளிச்சத்தில் ஓ-ரிங்கை விரலால் தடவிப் பார்த்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து மூடுங்கள். படகின் ஈரக்காற்றில் மூடினால், கீழே போனதும் கண்ணாடியில் ஆவி படியும். புது ஹவுசிங் என்றால் முதல் டைவில் காலியாகவே கொண்டுபோய்ச் சோதித்துவிடுங்கள்.